லினக்ஸ் முறைமையிற் கட்டுப்பாட்டுக் குழுக்கள்

கணனி ஒன்று ஒரே வேளையிற் பல நூறு வேலைகளைச் செய்கின்றது. திரையில் நாம் காண்பன ஓரிரண்டே. ஏனையவை திரைக்குப் பின்னே நடப்பன. நேரத்தைச் சரிபார்ப்பது ஒன்று, வலையமைப்பைக் காப்பது ஒன்று, அச்சுப்பொறியின் ஏவலுக்குக் காத்திருப்பது ஒன்று, வந்த மடல்களை வாங்கி வைப்பது ஒன்று என அவை பலவாய் விரியும். இவ்வாறு ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றையும் செயன்முறை என்பர். இச்செயன்முறைகள் யாவும் தம்முட் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய செல்வங்கள் முக்கியமாக மூன்று: மத்திய செயற்பாட்டு அலகின் நேரம், நினைவகத்தின் இடம், வட்டுக்குச் சென்று மீளும் வழி. இம்மூன்றும் அளவுடையன, வேண்டுவோரோ அளவிறந்தோர். எனவே பங்கீடு என்பது பணிசெயல் முறைமையின் தலையாய கடமைகளுள் ஒன்றாயிற்று.

இப்பங்கீட்டைச் செய்வது முறைமையின் நடுவே அமைந்த கெர்னல் என்னும் கருப்பகுதி. நெடுங்காலமாக அது செயன்முறை ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாகவே கருதி வந்தது. அதில் ஒரு குறை உண்டு. ஒருவர் ஒரே நிரலை இயக்குகின்றார். மற்றவர் தொண்ணூற்றொன்பது நிரல்களை இயக்குகின்றார் எனக் கொள்வோம. ஆளுக்கு ஒரு பங்கு என்னும் விதியின்படி முதல்வருக்கு நூற்றில் ஒரு பங்கே கிடைக்கும். செயன்முறைகளுக்கிடையே நீதி நிலவுகின்றது. மாந்தருக்கிடையே அநீதி நிலவுகின்றது. இதனைத் தீர்க்கும் வழி, செயன்முறைகளைக் குடும்பங் குடும்பமாகத் தொகுத்து, பங்கை முதலிற் குடும்பத்துக்கு அளந்து, பின்னர் அதனுள்ளே பிரித்துக் கொடுப்பதாகும். அவ்வாறு தொகுக்கப்பட்ட குடும்பமே கட்டுப்பாட்டுக் குழு எனப்படுவது.

இக்கருத்துக்கு லினக்ஸில் உருக் கொடுத்தோர் கூகிள் நிறுவனத்துப் பொறியியலாளரான போல் மெனேஜ், றோகித் சேத் என்போர். 2006 ஆம் ஆண்டில் அவர்கள் இவ்வேலையைத் தொடங்கியபோது இதற்குச் செயன்முறைக் கொள்கலம் என்று பெயரிட்டனர். கொள்கலம் என்னுஞ் சொல் வேறு பொருளிலும் வழங்கி மயக்கந் தந்தமையால், 2007 இற் கட்டுப்பாட்டுக் குழு எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2008 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 ஆம் பதிப்பில் இது கெர்னலின் உறுப்பாயிற்று.

ஆயினும் குழு என்பது வெறுங் கூடு. அக்கூட்டினுள் நின்று உண்மையில் அளந்து கொடுக்கும் படிக்கல்லும் மரக்காலும் வேறு. அவற்றைக் கட்டுப்படுத்திகள் என்பர். அவற்றுள் இரு முதன்மையானவை நமது அயலிலே, ஐ. பி. எம். நிறுவனத்தின் இந்தியக் கிளையிற் பணியாற்றியோரால் ஆக்கப்பட்டன என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. மத்திய செயற்பாட்டு அலகின் நேரத்தைக் குழுவாரியாகப் பங்கிடும் முறையை ஸ்ரீவத்ச வட்டகிரி உருவாக்கினார். நினைவகத்தைக் குழுவாரியாகக் கணக்கிட்டு எல்லை வகுக்கும் கட்டுப்படுத்தியைப் பல்பீர் சிங் உருவாக்கினார். அது 2008 ஏப்பிரலில் 2.6.25 ஆம் பதிப்பிற் சேர்ந்தது. பெருங் கணனிக்கூடங்கள் இன்று ஒரே பொறியை நூறு வாடிக்கையாளருக்கு அஞ்சாமல் வாடகைக்கு விடுகின்றனவெனின், அதற்கு அடிகோலிய வேலைகளுள் இவையும் அடங்கும்.

இக்குழுக்கள் நமது கண்ணுக்கு எவ்வாறு தோன்றும்? கெர்னல் இவற்றைக் கோப்புறைகளாகக் காட்டுகின்றது. ஒரு குழுவை அமைக்க வேண்டின் ஒரு கோப்புறையை ஆக்கினாற் போதும். அதனுட் சில கோப்புகள் தாமே தோன்றும். ஒரு கோப்பிற் செயன்முறையின் எண்ணை எழுதினால் அச்செயன்முறை அக்குழுவுக்குக் குடிபெயரும். வேறொரு கோப்பில் ஓர் எண்ணை எழுதினால் அதுவே நினைவகத்தின் உச்ச எல்லையாகும். கோப்புறைக்குள் கோப்புறை அமைவதுபோலக் குழுவுக்குள் குழு அமையும். இவ்வாறு வேர் ஒன்றிலிருந்து கிளைத்த மரமாக முறைமை முழுவதும் விரிந்து கிடக்கும்.

மணற்கரையில் வாழும் ஓலைத்தொடுவாய் மக்களுக்கு வயல் சற்று அயலேயெனினும், இம்மரத்தின் இயல்பை விளக்க எமது மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளத்தினும் ஏற்ற உவமை வேறில்லை. அருவியாற்றின் நீர் தேக்கம் அணையில் மறிக்கப்பட்டுக் கால்வாய் வழியே கட்டுக்கரையை அடைகின்றது. அங்கிருந்து வாய்க்கால்கள் வழியே பல சிறு குளங்களுக்குச் செல்கின்றது. சிறு குளத்தின் மதகிலிருந்து வயல்களுக்குப் பாய்கின்றது. பெருங்குளத்தில் நீர் குறைந்தாற் சிறுகுளத்தார் தமக்குள் எத்துணை நேர்மையாகப் பங்கிட்டாலும் மொத்தம் குறைவே. சிறுகுளத்துக்கு விடப்பட்ட நீரிலும் மிகுதியை அதன் கீழுள்ள வயல் ஒன்று பெறவே முடியாது. கட்டுப்பாட்டுக் குழுக்களின் நியதியும் இதுவே: தாய்க்குழுவின் எல்லையைக் கடந்து சேய்க்குழு எதனையும் பெறாது.

உவமையை இன்னும் ஒரு படி கொண்டுசெல்லலாம். ஒரே மதகை இருவர் ஒருவரையொருவர் அறியாது திறந்தும் அடைத்தும் வந்தால் என்னாகும்? ஒருவர் கணக்குப் பார்த்துப் பாதி திறக்கின்றார். அவர் போனபின் மற்றவர் வந்து முழுதுந் திறக்கின்றார். முதல்வர் வீட்டிலிருந்தவாறே பாதி மதகின் கணக்கை நம்பிக்கொண்டிருக்கின்றார். கீழ் வயலார் வெள்ளத்தாற் கெடுவர். மேல் வயலார் வறட்சியாற் கெடுவர். எவர்மேற் குற்றம் என்பது எவருக்கும் விளங்காது. லினக்ஸ் உலகில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நிகழ்ந்த பெருஞ் சிக்கல் இதுவே.

இக்குழுக்களின் முதற் பதிப்பு வரம்பற்ற சுதந்திரத்தை வழங்கியது. நினைவகத்துக்கு ஒரு மரம், செயற்பாட்டு நேரத்துக்கு வேறொரு மரம், வட்டுக்கு மற்றுமொரு மரம் எனத் தனித்தனி மரங்களை நடலாம். ஒரே செயன்முறை ஒரு மரத்தில் ஒரு கிளையிலும், மற்ற மரத்தில் முற்றிலும் வேறான கிளையிலும் இருக்கலாம். எந்த மென்பொருளும், அதற்கு நிருவாகியின் உரிமை இருந்தால், எந்தக் கிளையையும் ஆக்கலாம், எதனையும் திருத்தலாம். இத்தோட்டத்தை ஒழுங்குசெய்ய முதலில் முயன்றோரும் இந்தியாவிலிருந்தோரே. தவல் கியானியும் பல்பீர் சிங்கும் 2008 அளவில் ஆக்கிய நூலகமும் கருவிகளும், கணனி எழும்போது ஓர் அமைப்புக் கோப்பைப் படித்துக் குழுக்களை நட்டு, பயனரின் பெயரைப் பார்த்து அவரவர் செயன்முறைகளை உரிய குழுவிற் சேர்த்தன. 2010 இல் வெளிவந்த றெட் ஹற் நிறுவனத்தின் ஆறாம் பதிப்பு இதனை ஏற்றுக்கொண்டது. ஒரு நிருவாகி, ஓர் அமைப்புக் கோப்பு என்றிருந்த வரையில் இது நன்றே நடந்தது.

அதே 2010 ஆம் ஆண்டில் லெனார்ட் போட்டறிங், கே சீவர்ஸ் என்போர் சிஸ்ரெம்-டி என்னும் புதிய தொடக்க மென்பொருளை அறிவித்தனர். கணனி எழுந்தவுடன் முதலாவதாக ஓடத் தொடங்கி, ஏனைய சேவைகள் அனைத்தையும் எழுப்புவது இதன் பணி. இதற்குக் கட்டுப்பாட்டுக் குழு தேவைப்பட்டது பங்கீட்டுக்காக அன்று, அடையாளத்துக்காக. ஒரு சேவை பிள்ளையை ஈன்று, அப்பிள்ளை மற்றொரு பிள்ளையை ஈன்று, இடையிலுள்ளது மறைந்துவிடின், பேரப்பிள்ளை எந்தச் சேவையைச் சேர்ந்தது என்று அறிய அதற்கு முன் நம்பத்தக்க வழியிருந்ததில்லை. குழுவோ மரபுரிமையாக இறங்குவது. எத்தனை தலைமுறை சென்றாலும், வேறு குழுவுக்கு மாற்றப்பட்டாலன்றி, பிள்ளைகள் தாயின் குழுவிலேயே இருக்கும். எனவே சேவைக்கு ஒரு குழு என வகுத்து, அச்சேவையை நிறுத்தும்போது அக்குழுவிலுள்ள அனைத்தையும் நிறுத்திவிடலாம். இஃது அழகிய உத்தி என்பதை எதிரிகளும் மறுத்திலர். 2011 இற் பெடோறாவின் 15 ஆம் பதிப்பு இதனை ஏற்றது. பின்னர் ஏனைய வழங்கல்கள் பெரும்பாலும் தொடர்ந்தன.

ஆக, கணனியின் முதற் செயன்முறையே குழு மரத்தின் குடியானவனாயிற்று. அப்பொழுதே அம்மரத்தில் வேறு பலருங் கைவைத்திருந்தனர். மெய்நிகர்ப் பொறிகளை நடத்தும் மென்பொருள் ஒன்று, கொள்கலங்களை நடத்தும் மென்பொருள் ஒன்று, மேலே கூறிய இந்தியர் கருவி ஒன்று. 2013 மார்ச்சில் டொக்கர் வெளிவந்தபின் கொள்கலங்கள் பெருகின. ஒவ்வொன்றும் தானே மரத்தின் தலைவன் என எண்ணி எழுதியது.

இதனால் விளைந்த கேட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கொள்கல மேலாளர் தனது சேவைக்குரிய குழுவின் கீழே ஒரு சிறு குழுவை ஆக்கி, அதற்கு 512 மெகாபைற்று நினைவகம் என எல்லை வகுத்து, ஒரு செயன்முறையை அதனுள் வைக்கின்றது. சில நாள் கழித்து நிருவாகி வேறேதோ காரணத்துக்காகச் சிஸ்ரெம்-டியின் அமைப்புகளை மீளப் படிக்குமாறு பணிக்கின்றார். சிஸ்ரெம்-டி தனது ஏட்டைப் புரட்டிப் பார்க்கின்றது; அந்தச் சிறு குழு அதன் ஏட்டில் இல்லை. இச்செயன்முறை இன்ன சேவைக்குரியது என்று கண்டு, அதனைத் தூக்கிச் சேவையின் பொதுக்குழுவிலே வைத்துவிடுகின்றது. எவ்விதப் பிழைச் செய்தியும் எழாது. 512 என்னும் எல்லை, ஆளற்ற சிறு குழுவின் வாயிலிலே இன்னும் எழுதப்பட்டிருக்கின்றது. கொள்கல மேலாளர் அதனைப் படித்து அமைதி கொள்கின்றது. செயன்முறையோ எல்லையின்றி வளர்ந்து, நினைவகம் முழுவதையும் விழுங்கியபின், கெர்னல் வேறு வழியின்றி எதனையேனும் கொல்ல முற்படும். அவ்வாறு கொல்லப்படுவது குற்றமற்ற தரவுத்தளமாகவும் இருக்கலாம். இது கற்பனையன்று. டொக்கரின் சேவைக் கோப்பிலே, எமது கொள்கலங்களின் குழுக்களைச் சிஸ்ரெம்-டி மாற்றாதிருக்கும் பொருட்டு இவ்வரி என்னும் கருத்துப்பட ஒரு குறிப்புடன் ஒப்படைப்பு வரி ஒன்று சேர்க்கப்பட்டது இத்துன்பத்தின் தழும்பேயாகும்.

இதற்குப் பரிகாரமாக முதலில் வந்தது சட்டமன்று, நல்லொழுக்கம். குழு மரத்தைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்குச் சிஸ்ரெம்-டியினர் ஒரு நன்னடத்தை ஏட்டை வெளியிட்டு, உரோமப் பேரரசின் அமைதியை நினைவூட்டும் இலத்தீன் பெயர் ஒன்றையும் விளையாட்டாக அதற்குச் சூட்டினர். அதன் சாரம், நீ ஆக்காத குழுவை நீ திருத்தாதே. உனக்கு விடப்பட்ட இடத்தின் கீழேயே உனது கிளைகளை நடு. மரத்தை அதற்குரிய இடத்திலன்றி வேறிடத்தில் நாட்டாதே என்பதாம். எமது கரைவலைக் காரரிடையே பாடு என்பது ஒன்றுண்டு. ஒரு பாட்டில் ஒருவர் வலை வளைத்திருக்கையில் மற்றவர் குறுக்கே வளைப்பதில்லை. முறை வரும்வரை சம்மாட்டிமார் காத்திருப்பர். அதுபோன்ற ஓர் உடன்பாட்டையே இவ்வேடும் நாடியது. ஆனாற் கடற்கரையில் ஒருவரையொருவர் கண்ணாற் காண்பர். மென்பொருள்களுக்கு அவ்வசதி இல்லை.

கெர்னலிற் குழுக்களைப் பராமரித்த தேஜுன் ஹியோ, பல மரங்கள் என்னும் அமைப்பே தவறு என்னும் முடிவுக்கு 2012 அளவில் வந்தார். ஒரே மரம், அதனை ஆள ஒரே கை என்னும் கொள்கை அவராலும் சிஸ்ரெம்-டியினராலும் முன்வைக்கப்பட்டது. 2013 யூலையில் வெளிவந்த சிஸ்ரெம்-டி 205 ஆம் பதிப்பு மரத்தைத் துண்டங்களாக வகுத்தது: முறைமைச் சேவைகளுக்கு ஒரு துண்டம், பயனருக்கு ஒரு துண்டம், மெய்நிகர்ப் பொறிகளுக்கும் கொள்கலங்களுக்கும் ஒரு துண்டம். குழு வேண்டுவோர் தாமே எழுதாது, தன்னிடம் வந்து கேட்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு.

இதனை எதிர்த்தோர் அற்பரல்லர். கூகிளிற் பல்லாயிரம் பொறிகளைத் தமது சொந்த மேலாளரால் ஆண்டு வந்தோர், தமது முறைகள் ஒரு தொடக்க மென்பொருளின் தயவில் நிற்க வேண்டுமா என வினவினர். அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர்கள் தமது கருவியின் ஒரு வடிவத்தைப் பொதுமக்களுக்கும் வெளியிட்டனர். அப்பொழுது சிஸ்ரெம்-டியை ஏற்காதிருந்த உபுண்டுவினர், தமக்கெனத் தனி மேலாளர் ஒன்றை ஆக்கி 2014 இல் வழங்கினர். 2015 இல் அவர்களும் சிஸ்ரெம்-டிக்கு மாறவே அதன் பயன் குன்றியது. எதிர்த்தோரின் வாதத்தில் ஓர் உண்மை உண்டென்பதே எமது கருத்து. கெர்னல் வழங்கும் பொதுவசதி ஒன்று, அதன்மேல் வாழும் ஒரேயொரு மென்பொருளின் தனியுடைமையாகிவிடலாகாது. ஆயினும் மதகின் கதையை ஒருமுறை நினைந்தால், இருவர் திறக்கும் மதகிலும் ஒருவர் திறக்கும் மதகே மேல் என்பது விளங்கும். அவ்வொருவரிடம் நாம் முறையிட்டுக்கொள்ளவாவது இயலுமன்றோ!

2016 மார்ச்சில் லினக்ஸ் 4.5 உடன் குழுக்களின் இரண்டாம் பதிப்பு முறைப்படி வெளிவந்தது. அதன் அமைப்பு இச்சண்டையைத் தீர்க்கும் வண்ணம் இரண்டு கருத்துகளின்மேல் எழுந்துள்ளது. முதலாவது, மரம் ஒன்றே. இரண்டாவது, இடைக்கணுவிற் செயன்முறை இருத்தலாகாது. இலைகளிலேயே இருத்தல் வேண்டும். அஃதாவது தன் கீழுள்ள குழுக்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் குழு, தானே செயன்முறைகளை வைத்திருத்தல் கூடாது. வேர்க்குழுவுக்கு மட்டும் இவ்விதியினின்றும் விலக்கு உண்டு. ஏன் இவ்விதி? வாய்க்கால்களுக்கு நீர் பிரிக்கும் குளமே தன் கரையிலிருந்து நேராக வயலுக்கும் பாய்ச்சினால், அவ்வயலின் பங்கை வாய்க்கால்களின் பங்கோடு எவ்வாறு ஒப்பிடுவது? முதற் பதிப்பில் இவ்வினாவுக்குக் கட்டுப்படுத்தி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விடை கூறியது. இரண்டாம் பதிப்பு வினாவையே எழாமற் செய்தது.

பங்கு அளக்கும் முறையும் தெளிவாயிற்று. செயற்பாட்டு நேரத்துக்கு ஒவ்வொரு குழுவுக்கும் 1 முதல் 10000 வரை ஓர் எடை உண்டு. எதுவும் கூறாவிடின் 100. உடன்பிறந்த குழுக்கள் தத்தம் எடையின் விகிதப்படி பெறும். நினைவகத்துக்கு இருவகை எல்லைகள்: ஒன்றைத் தாண்டினாற் குழு மெதுவாக்கப்பட்டு, நினைவகத்தைத் திரும்ப ஒப்புவிக்குமாறு நெருக்கப்படும், மற்றதைத் தாண்ட முயன்று, மீட்கவும் ஏதுமில்லையெனிற் குழுவிலுள்ளது கொல்லப்படும். முன்னது எச்சரிக்கை, பின்னது தண்டனை எனலாம்.

இனி, ஒப்படைப்பு என்பதை நோக்குவோம். ஒரே கை என்றால், கொள்கல மேலாளர் ஒவ்வொரு சிறு குழுவுக்கும் சிஸ்ரெம்-டியின் வாயிலில் நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு கிளையின் அடியைக் காட்டி, இதன் கீழுள்ளது உன்னுடையது என்று சிஸ்ரெம்-டி விட்டுவிடலாம். அதன்பின் அக்கிளையினுள் அது தலையிடாது. ஆயினும் அடிக்கணுவின் எல்லைகளை எழுதும் உரிமை கொடுத்தவரிடமே நிற்கும். பெற்றவர் அதன் கீழேயே ஆளலாம். கெர்னலும் இதற்கு இசைவாக அமைந்துள்ளது. கிளையொன்றைச் சாதாரணப் பயனருக்கு ஒப்படைக்கும்போது, உட்கிளை ஆக்கவும் செயன்முறைகளை இடம்மாற்றவும் வேண்டிய கோப்புகள் மட்டுமே அவருக்குக் கொடுக்கப்படும். எல்லையைக் கூறும் கோப்புகள் கொடுக்கப்படா. வெளியிலுள்ள செயன்முறையைத் தன் கிளைக்குள் இழுக்கவும் அவரால் இயலாது. அதற்கு இரு இடங்களுக்கும் பொதுவான மூதாதைக் கணுவில் எழுதும் உரிமை வேண்டும். சிறுகுளத்தார் தமது வாய்க்கால்களைத் தாமே வகுக்கலாம், பெருங்குளத்து மதகைத் தொடலாகாது என்பது போன்றது இது. இவ்வமைப்பின் விதியைக் கணுவொன்றுக்கு எழுதுவோன் ஒருவன் என்று சுருக்கமாகக் கூறுவர். முறைமை முழுவதற்கும் ஒருவன் என்பதன்று. ஒவ்வொரு கணுவுக்கும் ஒருவன். இவ்வேறுபாட்டை உணராதோரே இதனைச் சர்வாதிகாரம் என இகழ்கின்றனர்.

இவ்விதியைப் புறக்கணித்தால் என்ன நேரும் என்பதற்குக் குபெர்னெற்றிஸ் என்னும் பெருங்கருவியின் வரலாறு சான்று. பல பொறிகளிற் கொள்கலங்களைப் பரப்பி ஆளும் இக்கருவி, பொறி ஒவ்வொன்றிலும் தன் முகவரை வைத்திருக்கும். அம்முகவர் குழு மரத்திற் தானே நேரடியாக எழுதலாம், அல்லது சிஸ்ரெம்-டியைக் கேட்கலாம். நேரடியாக எழுதினால் வேரின் கீழே சிஸ்ரெம்-டியின் துண்டங்களுக்குப் பக்கத்தில் அயற்குழு ஒன்று முளைக்கும். துண்டங்கள் இரண்டுக்குந் தலா 100 எடை எனவும், அயற்குழுவுக்கு 800 எனவும் கொள்க. யாவரும் முழுமூச்சாய் உழைக்கும் வேளையில், பாதிப் பாதி என்று சிஸ்ரெம்-டி எண்ணியிருக்கும் துண்டங்களுக்கு உண்மையிற் கிடைப்பது பத்தில் ஒரு பங்கே. ஒரே பொறியைப் பற்றி இரண்டு கணக்கேடுகள், இரண்டும் தம்மளவில் நேர்மையானவை, இரண்டும் பிழை. ஓய்வு வேளையில் இது வெளிப்படாது. நெருக்கடி வேளையிலேயே பொறி தள்ளாடும். அவ்வாறு தள்ளாடியதாகப் பயனர் அறிவித்தமையைக் குபெர்னெற்றிஸ் ஏடுகளே குறிக்கின்றன. 2021 இல் வெளிவந்த 1.22 ஆம் பதிப்பு முதல், அதனை நிறுவுங் கருவி சிஸ்ரெம்-டியைக் கேட்கும் வழியையே இயல்பாக்கிற்று. இரண்டாம் பதிப்புக் குழுக்களுக்கான ஆதரவு 2022 இல் 1.25 ஆம் பதிப்பில் நிலைபெற்றது.

மாற்றம் வலியின்றி வந்ததன்று. 2019 ஒக்ரோபரிற் பெடோறா 31 இரண்டாம் பதிப்பை இயல்பாக்கியபோது டொக்கர் அதற்கு ஆயத்தமாயிருக்கவில்லை. 2020 திசெம்பரில் வந்த 20.10 ஆம் பதிப்பிலேயே அதனை ஏற்றது. இடைப்பட்ட ஓராண்டுக்கு மேலாகப் பயனர் கணனி எழும்போதே பழைய மரங்களுக்குத் திரும்புமாறு கட்டளையிட வேண்டியிருந்தது. டெபியன் 2021 இல் மாறியது. சிஸ்ரெம்-டி தானும் பழைய பதிப்பை 2024 இற் கைவிடத் தொடங்கி, 2025 இல் வந்த 258 ஆம் பதிப்பில் முற்றாக நீக்கியது.

இதில் மாணவர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கணுவுக்கு ஒருவன் என்னும் விதியைக் கெர்னல் நிருவாகியின்மேற் சுமத்துவதில்லை. நிருவாகியின் உரிமையோடு ஓடும் எந்த நிரலும் இன்றும் மரத்தின் எக்கிளையிலும் எழுதலாம், தடுப்பார் இல்லை. செயன்முறை இடைக்கணுவில் இருத்தலாகாது என்பதைக் கெர்னல் தானே காக்கும். ஒருவனே எழுத வேண்டும் என்பதை மென்பொருள் ஆக்குவோரின் நாணயமே காக்கும். ஆகையால் ஒரு பொறியிற் புதிய மேலாளர் ஒன்றை நிறுவுவோர், அது எவ்விடத்தில் எழுதுகின்றது, அவ்விடம் அதற்கு ஒப்படைக்கப்பட்டதா என்னும் இரண்டையும் முதலிற் பார்த்துக்கொள்ளல் நன்று. மரத்தைக் கிளைகளோடு காட்டும் கட்டளையும், எக்குழு எவ்வளவு செலவிடுகின்றது என்று காட்டும் கட்டளையும் சிஸ்ரெம்-டியுடனேயே வருகின்றன.

நிருவாகியின் உரிமை இல்லாமலே சாதாரணப் பயனர் கொள்கலங்களை இயக்கும் வழியும் இவ்வொப்படைப்பாலேயே இயன்றது. பயனர் உள்நுழையும்போது அவருக்கெனச் சிஸ்ரெம்-டியின் சிறு மேலாளர் ஒன்று எழும். பயனர் துண்டத்தின் ஒரு கிளை அதற்கு ஒப்படைக்கப்படும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலோ பாடசாலையிலோ ஒரே பொறியிற் பல மாணவர் பயிலும்போது இது பெரும்பயன் தருவது. ஆனாற் பல வழங்கல்களில் நினைவகத்தையும் செயன்முறைகளின் எண்ணிக்கையையும் அளக்கும் கட்டுப்படுத்திகள் மட்டுமே இயல்பாக ஒப்படைக்கப்பட்டு வந்தன. செயற்பாட்டு நேரத்தையும் வட்டையும் அளப்பன அவ்வாறு ஒப்படைக்கப்படவில்லை. மாணவர் தமது கொள்கலத்துக்கு நேர எல்லை விதித்தும் அது பலிக்கவில்லையெனின், பயனர் சேவையின் அமைப்பில் ஒப்படைப்பு வரியை நிருவாகி விரிவாக்கியுள்ளாரா என்று பார்ப்பதே முதல் வேலை.